காலி வண்டியின் எடை

கணவர் போன பிறகு அந்த கேரவனை வைத்துக்கொண்டு அவள் தனியாக என்ன செய்வாள்? படுக்கையும் அடுப்புமாக, பதினோரு வருடம் இருவரும் ஊர் சுற்றிய வண்டி அது.

"ரொம்ப அலையாம, கையைக் கடிக்காத விலைக்குத் தள்ளிவிடும்மா" என்றாள் மகள்.

வியாபாரி நல்ல விலைதான் சொன்னார். காலி வண்டியின் எடை பதிவுச் சான்றிதழில் உள்ளபடி இருந்தால் போதும், கையெழுத்துப் போட்டுவிடலாம்.

மெத்தை முதல் கரண்டி வரை இறக்கியாகிவிட்டது. தண்ணீர்த் தொட்டியும் காலி. ஓட்டிவந்தவரும் இறங்கிக்கொண்டார். அப்படியும் எடைமேடை அறுபது கிலோ கூடுதலாகக் காட்டியது. மேடையில் கோளாறு இல்லை. முன்னால் போன லாரிக்குச் சரியாகத்தான் காட்டியிருந்தது.

"உள்ள என்னம்மா வச்சிருக்கீங்க? இப்படின்னா விலையைக் குறைக்க வேண்டியிருக்கும்" என்றார் வியாபாரி.

அவள் அந்த எண்ணை மறுபடி பார்த்தாள். ஆஸ்பத்திரியில் கடைசியாக எடை பார்த்தபோது, எண்பது கிலோ மனிதர் அறுபதுக்கு வந்திருந்தார்.

அவள் உள்ளே ஏறி, வெறும் கட்டிலருகே நின்றாள்.

"வித்தாச்சுங்க. இறங்கிடுங்க."

அவள் இறங்கி வந்ததும், "இப்ப சரியா இருக்கு!" என்று எடை போடுபவர் குரல் கொடுத்தார். பேசிய விலை குறையாமல் கைக்கு வந்தது.

வாசலில் நின்ற டாக்சியில் ஏறியவள், மறுஓரம்வரை நகர்ந்து இடம் விட்டு உட்கார்ந்தாள். கதவைச் சாத்தவில்லை. பக்கத்து இருக்கை துளியும் அமுங்கவில்லை.

"இன்னும் யாராவது வரணுமாம்மா?" என்று கேட்டார் டிரைவர்.

எடைமேடையைச் சுற்றி வெறிச்சோடிக் கிடந்த மைதானத்தை அவள் பார்த்தாள்.

"தெரியலையேப்பா."