குறட்டைக் காட்சி

“உங்களுக்கு ரோஷமே கிடையாதாப்பா?”

மகள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஊரே அவரைப் பார்த்துச் சிரிக்கப்போகிற படத்துக்கு, முதல் நாளே போக வேண்டும் என்று அப்பா காலையிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தார்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஓவியக் கூடத்தில் பட்டப்பகலில் நடந்த திருட்டு. பிரேம் பழுதுபார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு இரண்டு பேர், இருப்பதிலேயே விலை உயர்ந்த ஓவியத்தைக் கழற்றி, முன்வாசல் வழியாகவே தூக்கிக்கொண்டு போனார்கள். வேடிக்கை பார்க்க வந்த ஜனம் ஒதுங்கி வழிவிட்டது.

அந்த அறைக்குக் காவல் இரண்டு பேர். ஒருவர் சாப்பிடப் போனால் மற்றவர் இருக்க வேண்டும். அன்று உடன் வேலை பார்த்த பெண் சாப்பிடப் போயிருந்தாள். காவலுக்கு இருந்தவர் நாற்காலியில் நன்றாகத் தூங்கிவிட்டார். விசாரணையில் அதை அவரே ஒப்புக்கொண்டார்.

அந்த மகானுபாவர்தான் அப்பா.

பிறகு ஓவியம் கிடைத்துவிட்டது. அப்பாவுக்குப் போன வேலை கிடைக்கவில்லை. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ‘கும்பகர்ணன் பொண்ணு’ என்ற பட்டம்தான் கிடைத்தது.

இப்போது அதையே சிரிப்புப் படமாக எடுத்துவிட்டார்கள். ‘அன்று உள்ளே நடந்த உண்மை’ என்று தெருவெல்லாம் போஸ்டர் வேறு.

“அந்தப் போஸ்டரைப் பார்த்ததுலேர்ந்து உங்கப்பா சரியா சாப்பிடறதே இல்ல. கூட்டிட்டுப் போயிட்டு வந்துடு” என்றாள் அம்மா.

தியேட்டரில் அப்பா சீட்டின் கைப்பிடியை இறுகப் பற்றியிருந்தார். அந்த ஏசியிலும் அவருக்கு நெற்றி வியர்த்தது.

“போயிடலாமாப்பா?”

“பேசாம இரு.”

அந்தக் காட்சி வந்தது. தொந்தியும் தொப்பியுமாக ஒரு காவலர். இடி இடிக்கிற மாதிரி குறட்டை. ஒரு திருடன் அவர் தொப்பியை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டான். இன்னொருவன், “சார், கொஞ்சம் நகருங்க” என்றான். காவலர் தூக்கத்திலேயே நகர்ந்து உட்கார்ந்தார். தியேட்டரே அதிர்ந்தது.

மகளுக்கு உடம்பு கூசியது. இந்த வயசில் அப்பாவுக்கு இது தேவையா? மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். சும்மா இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. பக்கத்து சீட்காரர் நீட்டிய பாப்கார்னை வேறு வாங்கிக்கொண்டார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுஷனுக்காகவா கிளாசில் அத்தனை பேரோடு மல்லுக்கு நின்றோம்?

படம் முடிந்தது. “கை கழுவிட்டு வந்துடறேம்மா” என்று போனவரை வெகு நேரமாகக் காணவில்லை. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்ற முடிவோடு தேடிக்கொண்டு போனாள்.

மாடிப்படி ஓரமாக, முதுகைக் காட்டியபடி அப்பா போன் பேசிக்கொண்டிருந்தார்.

“முழுசா பார்த்துட்டேன் தங்கச்சி, அழாத. அப்போ கைக்குழந்தைய வச்சுக்கிட்டு ராத்திரியெல்லாம் நீ கண்ணு முழிச்ச கதை அவங்க யாருக்கும் தெரியல. உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது. படத்துலயும் நீதான் சாப்பிடப் போயிருக்க... தூங்கினது நான்தான்!”