பழைய கர்னல்

கணினியை இயக்கும் மைய நிரலான கர்னலின் புதிய பதிப்பை ஏற்றிவிட்டு அணைத்துப் போட்டபோது அது எழும்பவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் கொஞ்ச தூரம் ஓடிப் பாதியில் நின்றன. மதியத்துக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டிய பாட்டுப் புத்தகம் முழுக்க அதற்குள் இருந்தது. வேறு வழி தெரியாமல் ஜெபராணி ஐசக்கை அழைத்தாள். அவர்கள் பிரிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மணமான புதிதில் இருவரும் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பாகமாக வாங்கிப் பூட்டிய கணினி அது.

“எழும்ப மாட்டேங்குது,” என்றாள்.

எது என்று அவன் கேட்கவில்லை. “ஆன் பண்ணுனதும் ஷிஃப்ட்டை அமுக்கிப் பிடி. ஒரு பட்டியல் வரும். அதுல பழைய கர்னலை எடு.”

எடுத்தாள். கணினிப் பெட்டிக்குள் ஃபேன் இரைந்தது. மெல்லத் திரையில் நீலம் பரவியது.

“வந்துட்டு.”

“கணினி எழும்புறதுக்குன்னு டிஸ்க்குல ஒதுக்குன இடம் நிறைஞ்சிருக்கும். புதுசு அரைகுறையா ஏறியிருக்கு. அப்பவே நான் அதைக் கொஞ்சம் பெருசா விட்டிருக்கணும்.”

“நான்தான பாட்டு வைக்க இடம் வேணும்னு சண்டை போட்டேன்.”

அவன் சிரித்தான். பிறகு, “அந்த ஃபேன் இன்னும் இப்படித்தான் கத்துதா?” என்றான்.

அவள் போனைப் பெட்டியருகே பிடித்தாள். மறுமுனையில் அவன் கேட்டுக்கொண்டிருந்தான். வெகுநேரம் கழித்தே அதைக் காதுக்குக் கொண்டுவந்தாள்.

“பழசுல எதை அழிக்கணும்னு சொல்லட்டுமா?” என்றான்.

“பக்கத்தையெல்லாம் அனுப்பிட்டு வாறேன்,” என்றாள். “போனை வச்சிராதீங்க.”