பூந்திக்குப் பல்லி சொன்ன பலன்

டியூப்லைட்டுக்குப் பின்னால் குடியிருக்கும் பல்லி நான். யாராவது பேசும்போது நான் சத்தம் கொடுத்தால் அது பலித்துவிடும் என்று இந்த வீட்டில் நம்புகிறார்கள். கேட்டுக் கேட்டு நானும் நம்பத் தொடங்கியிருந்தேன்.

என் வாலை இரண்டு தடவை தின்ற பூனை பூந்தி, பதினான்கு வயதில் படுத்துவிட்டது.

"சரியாயிடும்டி" என்று வீட்டுக்காரி தமயந்தி அதைத் தடவிக்கொடுத்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு கொசுவைப் பிடித்த குஷியில் நான் சத்தம் கொடுத்துவிட்டேன்.

"பாரு, பல்லியே சொல்லிடுச்சு!" என்று எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. நானும் சுவரில் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தினேன்.

அவர்கள் போனதும் பூந்தி ஒரு கண்ணைத் திறந்தது. "உனக்கென்னடா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுக்கா."

"அது எனக்குத் தெரியும். அவங்ககிட்ட சொல்லிடாதே."

மறுநாள் காலை பூந்தியைச் செம்பருத்திச் செடிக்கடியில் புதைத்துவிட்டு வந்தார்கள். தமயந்தி மண் ஒட்டிய கையோடு உட்கார்ந்து, "வலிக்காமத்தானே போயிருக்கும்?" என்று கேட்டாள்.

எனக்கு எட்டிய தூரத்தில் ஒரு கொசுகூட இல்லை. ஆனாலும் பலமாகவே சத்தம் கொடுத்தேன்.