ஆரஞ்சு விளக்கு எரிந்தது ஏன்?

"கை வச்சது நீ! கெட்டது வண்டி! இதுக்கு மேல என்னய்யா சாட்சி வேணும்?"

பல் டாக்டரின் குரல் மெக்கானிக் ஷெட்டின் தகரக் கூரையில் பட்டுத் தெருவுக்குத் தெறித்தது. நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்பவர். தன் வாயை மூடுவாரா? வேலையைப் போட்டுவிட்டுக் கூட்டம் கூடியது.

"டாக்டர், மூணு மாசம் முன்னாடி நான் அலாரம் மட்டும்தான் பூட்டினேன். இன்ஜின் பக்கமே போகலை" என்றார் மெக்கானிக்.

"அப்ப இது என்ன?" டாக்டர் காருக்குள் கையை விட்டுச் சாவியைத் திருகினார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விளக்கு எரிந்தது. "மேட்டுல ஏற மாட்டேங்குது. ஆஸ்துமாக்காரன் மாதிரி மூச்சு வாங்குது!"

"கரி வடிகட்டி அடைச்சிருக்கு டாக்டர். இது டர்போ டீசல். புகையோட வர்ற கரியை அந்த வடிகட்டி பிடிச்சு வைக்கும். இன்ஜின் நல்லா சூடேறி ஓடினாத்தான் அது எரிஞ்சு போகும். வாரம் ஒரு தடவையாவது நெடுஞ்சாலைல விரட்டி ஓட்டணும். நீங்க வீடு விட்டா கிளினிக், கிளினிக் விட்டா வீடு. இன்ஜின் கண்ணு முழிக்கிறதுக்குள்ள அணைச்சிடுறீங்க."

டாக்டர் அந்தக் காரைச் சீராட்டி வளர்த்தவர்தான். கையேட்டில் சொன்ன ஆயிலைத் தவிர வேறெதையும் ஊற்ற விடமாட்டார். டர்போ சூடு தணியட்டும் என்று வாசலில் ஒரு நிமிடம் ஓடவிட்டுத்தான் அணைப்பார். நூறு குதிரை சக்தியுள்ள இன்ஜினுக்கு இத்தனை மரியாதையும் தெருமுனை வரை போய் வந்ததற்கு! நெடுஞ்சாலை என்றால் மட்டும் லாரிகளை நினைத்து அவருக்கு வியர்த்துவிடும்.

"சரி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ரெண்டு வருஷமா இதே தூரம்தானே ஓட்டுறேன்? அப்பெல்லாம் ஏன் அடைக்கலை?"

மெக்கானிக் ஏற்கெனவே துடைத்து வைத்த ஸ்பேனரை எடுத்து மறுபடி துடைத்தார்.

"முழிக்கிறதைப் பாரு!" என்றார் தையல்கடைக்காரர். சர்வீசுக்கு விட்டிருந்த ஸ்கூட்டரை ஒருவர் நைசாக வெளியே உருட்டிக்கொண்டு போனார்.

"நானே சொல்றேன். அலாரம் பூட்டுற சாக்குல வடிகட்டியில எதையோ திணிச்சிருக்கே. இப்ப புதுசு மாத்தணும்னு சொல்லி என் தலையில மிளகாய் அரைக்கப் பாக்குறே. ஷெட் என்னுது, நாளைக்கே காலி பண்ணு. இப்பவே போலீசுக்கும் போறேன்!"

அந்த ஷெட்டை விட்டால் மெக்கானிக்குக்குப் பிழைப்பு இல்லை. தெருவுக்கே தெரியும். ஆனாலும், "உங்க இஷ்டம் டாக்டர்" என்று மட்டும் சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார்.

குற்றத்தை ஒப்புக்கொள்ள இதைவிட வேறு வார்த்தை வேண்டுமா? கூட்டம் 'உச்' கொட்டியது.

அப்போதுதான் டாக்டரின் தங்கை வந்தாள். கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவள். வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் பல்வரிசை சரியில்லை என்று அண்ணன் தட்டிக்கழித்ததில் வீட்டோடு தங்கிவிட்டவள்.

"போலீஸ் எதுக்கு அண்ணா? அந்த அலாரத்தைக் கழட்டச் சொல்லு. ரெண்டு ஞாயித்துக்கிழமை போனா வண்டி சரியாயிடும்."

"அலாரத்துக்கும் வடிகட்டிக்கும் என்னடி சம்பந்தம்?"

"உன் இடுப்புல தொங்குற பட்டனை அமுக்காம இப்ப யார் வண்டியைத் தொட்டாலும் தெருவே அலறுது. அதுக்கு முன்னாடியெல்லாம், ஞாயித்துக்கிழமை மத்தியானம் நீ குறட்டை விட ஆரம்பிச்சா, வண்டி நெடுஞ்சாலைல இருக்கும்."

டாக்டரின் வாய் திறந்தபடி நின்றது. சொத்தை ஒன்றுகூட இல்லை.

"என் வண்டியை வாராவாரம் திருடிக்கிட்டுப் போனது இவனா?"

"ஓட்டினது நான். இவர் பக்கத்துல கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு உக்காந்திருந்தார். டீசல் மட்டும் இவர் போட்டார்."

"உனக்குத்தான் கார்ல ஏறினாலே வாந்தி வருமே!"

"நீ ஓட்டினா வரும்ணா."

கூட்டம் சிரித்த சிரிப்பில் டாக்டர் காரை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். சில நாள் போயின. பிறகு மெக்கானிக்கைக் கிளினிக்குக்கு வரச்சொல்லி, நாற்காலியில் சாய்த்து, விளக்கைப் போட்டு, வாயைத் திறக்கச் சொல்லி ரொம்ப நேரம் தேடினார். ஒரு குறையும் அகப்படவில்லை. வேறு வழியில்லாமல் சம்மதித்தார்.

கல்யாணம் முடிந்ததும், நெடுஞ்சாலையின் அந்தக் கோடியில் உள்ள ஊரில் சொந்தமாக ஷெட் போட்டு இருவரும் குடிபோய்விட்டார்கள். இப்போது டாக்டர் ஞாயிறுதோறும் லாரிகளைத் திட்டிக்கொண்டே அவ்வளவு தூரம் ஓட்டிப்போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறார். "தங்கச்சியைப் பாக்கவா டாக்டர்?" என்று கேட்டால், "சேச்சே, வடிகட்டிக்காக" என்கிறார்.

ரெண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தும் பெண் கேட்க வாய் திறக்காத மனிதரிடம், கரி அடைக்க எத்தனை மாதம் ஆகும் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "ஊர்ல கார்த் திருட்டு அதிகமாயிடுச்சு, அலாரம் பூட்டிடுண்ணா" என்று அண்ணனை நச்சரித்தது தங்கைதான் என்பது, இன்றுவரை டாக்டருக்கும் தெரியாது, அவர் மாப்பிள்ளைக்கும் தெரியாது.