வட்டச் சன்னலின் இரு பக்கம்

முக்குளிப்போருக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறையின் வட்டச் சன்னலில் நெற்றியைப் பதித்து நிற்கிறாள் மனைவி. கூந்தலில் இன்னும் கடல் சொட்டுகிறது. உள்ளே, கடலாழத்திலிருந்து விறுவிறுவென மேலேறி வந்துவிட்ட கணவன் தோள்மூட்டைப் பிடித்தபடி ஆக்ஸிஜன் முகமூடியை விலக்குகிறான். “உன்னைக் காணோம்னு பதறிட்டேன்.” அடர்ந்த காற்றில் அவன் குரல் வாத்துக் குரலாக ஸ்பீக்கரில் வருகிறது. “அஞ்சு மீட்டர்ல கயித்தைப் பிடிச்சு நின்னுட்டுதான இருந்தேன்? நடுவுல நின்னு நின்னு ஏறணும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவரு, என்னையே தாண்டி மேல போறீங்க! உடம்பு என்ன சோடா பாட்டிலா, படக்குன்னு திறக்க? அதான் ரத்தத்துல குமிழி.” திட்டு முடியுமுன் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் முட்டிக்கொண்டு வருகின்றன. ஆபரேட்டர் வால்வில் கைவைத்து, “அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். சாயங்காலம் ஆயிடும்” என்கிறார். அவள் ஸ்டூலைச் சன்னலருகே இழுத்துப் போட்டுக்கொள்கிறாள். “மெதுவாவே வாங்க. நல்லாப் பாத்துக்குங்க, நான் இங்கதான் இருக்கேன்.”