மர்மலேட் பாட்டில்

கொட்டகையின் தகரக் கூரையில் மழை விடாமல் தட்டுகிறது. மொரீன் கைவிளக்கைப் பிடித்திருக்கிறாள். பக்கத்து வீட்டு ட்ரெவர் காருக்குள் தலையை விட்டபடி நிற்கிறார். மோட்டார் சைக்கிள் எஞ்சினை வைத்து அவள் கணவன் ரோலண்ட் ஆறு வருடமாகத் தன் கையாலேயே பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டிய கார். அதைச் சாலையில் ஓட்ட அனுமதி தரும் அரசாங்கச் சோதனை நாளைக்கு. எஞ்சின் கக்கும் எண்ணெய் ஆவியைப் பிடிக்க, ஒரு கறுப்புக் குழாயை, காலையில் ரொட்டிக்குத் தடவும் மர்மலேட் என்ற ஆரஞ்சு ஜாம் பாட்டிலுக்குள் இறக்கி வைத்திருக்கிறான் ரோலண்ட். மூடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள். ஆரஞ்சுப் படம் போட்ட லேபிளைக்கூட அவன் உரிக்கவில்லை.

“காலைச் சாப்பாட்டையே கார்ல மாட்டியிருக்கான் பாரு உன் புருஷன். சோதனைக்காரன் பார்த்தா சிரிச்சே செத்துருவான்” என்கிற ட்ரெவர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொள்கிறார். பிறகு தணிந்த குரலில், “ஆவி வெளிய போகக் கூடாதாம். குழாயை எஞ்சினோட காத்துப் பெட்டிக்கே திருப்பி விட்டுடுறேன். இதை அந்தப் பழைய எண்ணெய் டின்ல ஊத்திடு, மொரீன்.”

பாட்டிலின் அடியில் ஒரு ஸ்பூன் அளவுக்குத் தேன்நிற எண்ணெய். மே மாதம் ஒரே ஒரு தடவைதான் ரோலண்ட் காரை ஓட்டினான். சந்து முனை வரை, கார் ஜன்னலில் தலையை நீட்டும் நாய்போல முகமெல்லாம் சிரிப்பாகப் போய்த் திரும்பினான். அடுத்த வாரம் அவன் இல்லை.

மொரீன் டின்னின் மேல் பாட்டிலைச் சாய்க்கிறாள். எண்ணெய் மெல்ல நகர்ந்து விளிம்புக்கு வருகிறது. நிமிர்த்திவிடுகிறாள். விளக்கோடு வீட்டுப் பக்கம் நடக்கிறாள்.

“எங்க போற? இங்க ஒண்ணும் தெரியல!”

“மூடி எடுக்க, ட்ரெவர். ஓட்டை இல்லாத மூடி.”