பின்சீட்டுக்காரி

கோமளவல்லி ஸ்கூட்டர் பழகத் தொடங்கிய நாளிலிருந்து பின்சீட்டில் ஒருத்தி ஏறிக்கொண்டாள். கோமளவல்லியின் அதே முகம், அதே புடவை, அதே ஐம்பது வயது. வேறு யார் கண்ணுக்கும் தெரியாதவள். "பேரன் பேத்தி எடுத்த வயசுல உனக்கு இது தேவையா? விழப்போற பாரு," என்று காதோரம் ஓயாமல் முனகுவாள். இவளும் பயந்துபோய் இரண்டு கால்களையும் தரையில் தேய்த்துக்கொண்டே ஓட்டுவாள். செருப்புதான் தேய்ந்தது.

லைசென்ஸுக்கு எட்டுப் போட்டுக் காட்ட வேண்டிய நாளும் வந்தது. கால் கீழே பட்டால் ஃபெயில். திடலில் அவள் முறை வந்ததும் பிரேக் இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"டெஸ்ட்ல டபுள்ஸ் கூடாதும்மா. பின்னாடி இருக்கற அம்மாவ இறங்கச் சொல்லுங்க."

இருவருமே திடுக்கிட்டார்கள். பின்னால் இருந்தவள் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு இறங்கினாள். "பையக் குடு, நான் வச்சிருக்கேன்," என்று கைப்பையை வாங்கிக்கொண்டு புங்கமரத்தடியில் போய் நின்றாள்.

வண்டி லேசாகிவிட்டது. கோமளவல்லி கால்களைத் தூக்கி வைத்தாள். ஓர் எட்டுப் போட்டாள். முந்தானை படபடக்க இன்னோர் எட்டு. "பாஸும்மா, பாஸ்! நிறுத்துங்க!" என்று இன்ஸ்பெக்டர் கத்தக் கத்த மூன்றாவதையும் போட்டுவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் மரத்தடியில் வந்து நிறுத்தினாள்.

பையைத் திருப்பிக் கொடுத்தவள் பின்சீட்டில் ஏறவில்லை. ஹேண்டில்பாரை மெல்லத் தொட்டுப் பார்த்தாள்.

"எனக்கும் கத்துக் குடுப்பியா?"